பெர்ப்பெத்துவா: பெயரின் பொருள், வரலாறு, இன்றைய வழக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் குழந்தைக்கு லத்தீன் பெயர் வைக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஸ்டெல்லா, ரெஜினா, கிளாரா, லூசியா என்று பழகிய பெயர்களோடு நின்றுவிடுகின்றன. அந்த வரிசையில் வராத, ஆனால் வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு: பெர்ப்பெத்துவா. பெயர்ப் பட்டியல் தளங்களில் தேடினால் ‘நித்தியமானவள்’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் போட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இளந்தாய் சிறையில் எழுதிய குறிப்பேடு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பெயரை வைப்பதும் தெரியாமல் வைப்பதும் ஒன்றல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

பெர்ப்பெத்துவா என்றால் என்ன பொருள்?

லத்தீனில் ‘பெர்ப்பெத்துவுஸ்’ என்ற பெயரடையின் பெண்பால் வடிவம் இது. ‘பெர்’ என்றால் ஊடாக, முழுக்க. ‘பெத்தெரே’ என்றால் நாடிச் செல்வது. இரண்டும் சேரும்போது ‘நடுவில் அறுந்துபோகாமல் தொடர்ந்து செல்கிற’ என்ற பொருள் வருகிறது. காலத்துக்கு அப்பாற்பட்ட நித்தியத்தைச் சொல்ல லத்தீனில் ‘ஏத்தெர்னுஸ்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. எனவே ‘நித்தியமானவள்’ என்பது தவறில்லை என்றாலும், ‘இடைவிடாதவள்’, ‘இடையறாதவள்’ என்பதுதான் வேருக்கு நெருக்கம்.

அரசியலிலும் இந்தச் சொல் புழங்கியது. ஜூலியஸ் சீசருக்குக் கி.மு. 44இல் கொடுக்கப்பட்ட பதவியின் பெயர் ‘திக்தாத்தோர் பெர்ப்பெத்துவோ’, அதாவது காலவரையறை இல்லாத சர்வாதிகாரி. அந்த ஆண்டு அடித்த வெள்ளிக்காசுகளில் சீசரின் தலைக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். நம்மூர் நீதிமன்றங்களில் ‘பெர்பெச்சுவல் இன்ஜங்ஷன்’ (நிரந்தரத் தடையாணை) என்று கேட்டிருப்பீர்களே, அதுவும் இதே வேர்தான்.

தமிழில் இதற்கு இணையான சொல் இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அது நாக்கில் புரளும் சொல்லும்கூட. ‘இடைவிடா சகாய மாதா’ என்று நாம் சொல்லும் அன்னையின் லத்தீன் பெயர் ‘மாத்தெர் தெ பெர்ப்பெத்துவோ சுக்குர்சு’. அதில் வரும் ‘பெர்ப்பெத்துவோ’தான் தமிழில் ‘இடைவிடா’ ஆனது. அந்தப் படம் ரோமில் மெருலானா தெருவில் உள்ள புனித அல்போன்சுஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபையினரிடம் ஒப்படைத்த பிறகு பக்தி உலகெங்கும் பரவியது. ஜூன் 27 அதன் திருநாள்.

இன்னோர் இணையும் எனக்கு மிகவும் பிடிக்கும். நாம் வாடாமல்லி என்று மாலையில் கட்டும் ஊதாப் பூவுக்குப் போர்த்துகீசியத்தில் பெயர் ‘பெர்ப்பெத்துவா’. பறித்து நாளாகியும் நிறம் போகாத பூ என்பதால் அங்கே அப்படி, இங்கே இப்படி. பெயருக்கு என்ன அர்த்தம் என்று பாட்டி கேட்டால் இந்தப் பூவைக் காட்டினால் போதும்.

இந்தப் பெயரை முதலில் புகழ்பெறச் செய்தவர் யார்?

விபியா பெர்ப்பெத்துவா. இன்றைய துனிசியாவில் இருக்கும் கார்த்தேஜ் நகரில் கி.பி. 203ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி கொல்லப்பட்டவர். அப்போது அவருக்கு வயது 22 இருக்கும். நல்ல குடும்பத்தில் பிறந்தவர், படித்தவர், முறைப்படி மணமானவர், கையில் பால்குடிக் குழந்தை. கிறிஸ்தவத்தில் சேர்ந்து இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத நிலையில் கைதானார். காவலில் இருந்தபோதுதான் திருமுழுக்கு நடந்தது.

சிறையில் இருந்த நாட்களில் அவர் குறிப்புகள் எழுதினார். அவற்றை அப்படியே உள்ளே வைத்து, முன்னும் பின்னும் வேறொருவர் எழுதிச் சேர்த்த நூல்தான் புனிதைகள் பெர்ப்பெத்துவா, பெலிசித்தாஸ் பாடுகளின் வரலாறு. கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அக்காலத்துப் பெண்ணின் குரல் நேரடியாக நம் காதுக்கு வருவது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

அந்தக் குறிப்பேட்டில் பெயரைப் பற்றி ஏதாவது வருகிறதா?

வருகிறது, அதுவும் முதல் காட்சியிலேயே. அப்பா வந்து மனதை மாற்றப் பார்க்கிறார். பெர்ப்பெத்துவா பக்கத்தில் கிடந்த ஒரு குடத்தைக் காட்டி, ‘அப்பா, இதைக் குடம் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா?’ என்று கேட்கிறார். ‘முடியாது’ என்கிறார் அப்பா. ‘அதுபோலத்தான் நானும். நான் என்னவாக இருக்கிறேனோ, அதைத் தவிர வேறு பெயரால் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. நான் கிறிஸ்தவள்.’

அந்தச் சொல்லைக் கேட்ட அப்பா, கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோல் பாய்கிறார். பிறகு இன்னொரு முறை வரும்போது ஆளே மாறியிருக்கிறார். மகளின் கைகளை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார், ‘என் நரைத்த தலையைப் பார்’ என்று கெஞ்சுகிறார். அழுதுகொண்டே அவளை ‘மகளே’ என்று சொல்லாமல் ‘தோமினா’ என்று அழைத்தார் என்று பெர்ப்பெத்துவாவே எழுதியிருக்கிறார். ‘தோமினா’ என்றால் தலைவி, சீமாட்டி. பெற்ற மகளை அப்படி அழைக்கும் இடத்துக்கு ஒரு ரோமானியத் தகப்பன் வந்துவிட்டார். அப்பாவின் முதுமையை நினைத்துத் தான் வருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. கல்நெஞ்சுக்காரியாக இருந்ததால் உறுதியாக நின்றார் என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

குழந்தை என்ன ஆயிற்று?

முதலில் குழந்தை வெளியே, தாய் இருட்டறையில். பால் இல்லாமல் பிள்ளை வாடிப்போனான். பிறகு அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அன்று முதல் சிறையே தனக்கு மாளிகை ஆகிவிட்டது, வேறெங்கும் இருக்க விரும்பவில்லை என்று எழுதுகிறார். விசாரணையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ், ‘உன் தந்தையின் நரையைப் பார், உன் குழந்தையின் சிறுவயதைப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து’ என்கிறார். ‘மாட்டேன்’ என்று பதில் வருகிறது. தீர்ப்புக்குப் பின் அப்பா குழந்தையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஆனால் குழந்தை அதற்குமேல் பால் தேடவில்லை, தனக்கும் பால்கட்டிக் காய்ச்சல் வரவில்லை என்று நிம்மதியோடு குறித்துவைக்கிறார். தாய்ப்பால் கொடுத்த எந்தத் தாய்க்கும் இந்த ஒரு வரி சுருக்கென்று தைக்கும்.

கணவரைப் பற்றி குறிப்பேட்டில் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

அவருடைய முடிவு எப்படி நேர்ந்தது?

பேரரசர் செப்டிமியுஸ் செவெருஸின் மகன் கேட்டாவின் பிறந்தநாளுக்காக நடந்த வேடிக்கை விளையாட்டுகளில் பெர்ப்பெத்துவாவையும் அவரோடு கைதானவர்களையும் விலங்குகளுக்கு முன் நிறுத்தினார்கள். பெண்களுக்கென்று ஒரு காட்டுப் பசுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது முட்டித் தள்ளியதில் விழுந்த பெர்ப்பெத்துவா, கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டார். பிறகு ஊசி ஒன்றைத் தேடி, கலைந்த கூந்தலை முடிந்துகொண்டார். தலைவிரிகோலம் துக்கத்தின் அடையாளம், தன் மகிமையின் வேளையில் தான் துக்கம் காப்பதுபோல் தெரியக்கூடாது என்பதற்காக என்று நூல் காரணம் சொல்கிறது. தமிழ் வாசகருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கடைசியில் வாளோடு வந்தவன் அனுபவமில்லாத இளைஞன். முதல் வெட்டு எலும்பில் பட்டது. நடுங்கிய அவன் கையை அவரே பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

தன் குறிப்பேட்டை அவர் முடித்தது விளையாட்டுக்கு முந்தைய நாள்: ‘அங்கே நடக்கப்போவதை எழுத விரும்புகிறவர் எழுதட்டும்.’

பெலிசித்தாஸ் என்ற பெயரும் சேர்ந்தே வருகிறதே, அவர் யார்?

அதே குழுவில் கைதான அடிமைப்பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார், அதை இன்னொரு கிறிஸ்தவச் சகோதரி வளர்த்தார். சீமாட்டியும் அடிமையும் கைகோத்து நின்ற அந்தக் காட்சிதான் இரண்டு பெயர்களையும் பிரிக்க முடியாமல் கட்டிப்போட்டது. ‘பெலிசித்தாஸ்’ என்றால் இன்பம், பேறு. இருவர் பெயரையும் சேர்த்தால் ‘இடைவிடாத பேரின்பம்’ என்று வருவதைப் புனித அகுஸ்தீனார் இவர்கள் திருநாள் மறையுரைகளில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தால் இதைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைப்பது கடினம்.

‘விபியா’ என்பதும் பெயரா? அதைச் சேர்க்க வேண்டுமா?

விபியா என்பது குலப்பெயர். ரோமானியப் பெண்களுக்குத் தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி வைப்பது வழக்கம். அப்படியானால் அக்கா தங்கை எல்லோரும் விபியாதான். ஆளை அடையாளம் காட்டியது அடுத்து வரும் பெயர். ஆகவே பெர்ப்பெத்துவா மட்டும் போதும். ஆண்பாலில் ‘பெர்ப்பெத்துவுஸ்’ என்ற பெயரும் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் ஒருவருக்கு அந்தப் பெயர்.

இன்று இந்தப் பெயர் எந்த அளவுக்கு வழக்கில் இருக்கிறது?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் மிக அரிது. அமெரிக்க அரசு வெளியிடும் முதல் 1000 பெயர்களின் இன்றைய வரிசையில் இது இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான் இடம்பெறும். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் குறைந்தது 3. அதற்குக் கீழே இருந்தால், தனிமனிதர்களை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்பதற்காக வெளியிடுவதில்லை. பட்டியலில் காணவில்லை என்பதற்காக அந்தப் பெயரில் யாருமே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதேபோல் சில தளங்கள் ‘இந்தப் பெயர் இத்தனை ஆயிரமாவது இடம்’ என்று போடும் எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையில் அவ்வளவு கீழே நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே எண்ணிக்கையில் நிற்கும். ஒரு குழந்தை கூடினால் தரவரிசை தலைகீழாகிவிடும்.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. நைஜீரியா, கானா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது சாதாரணமாகக் கேட்கும் பெயர். நைஜீரியக் கால்பந்து வீராங்கனை பெர்ப்பெத்துவா ன்க்வோச்சா, ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதை 2004, 2005, 2010, 2011 என நான்கு முறை வென்றவர். ஆப்பிரிக்க மண்ணில் வாழ்ந்து அங்கேயே உயிர்விட்ட பெண்ணின் பெயரை ஆப்பிரிக்கர்கள் விடாமல் வைத்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பிலிப்பீன்சிலும் இந்தச் சொல் வாழ்கிறது. அங்கே மணிலா அருகே பக்லாரன் ஆலயத்தில் இடைவிடா சகாய மாதா நவநாள் 1948 முதல் புதன்தோறும் நடக்கிறது. பிரெஞ்சு வழக்கில் பெர்ப்பெத்யூ.

தமிழ்க் கத்தோலிக்கர்களிடையே அபூர்வம்தான். திருநாள் பார்த்துப் பெயர் வைத்த பழைய தலைமுறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கலாம்.

இத்தாலியில்தானே லத்தீன் பெயர்கள் அதிகம் இருக்க வேண்டும்? அங்கே ஏன் வைப்பதில்லை?

நல்ல கேள்வி. காரணம் ஒரு நாவல். மன்சோனி எழுதிய ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ 1827இல் வெளிவந்தது. இத்தாலியப் பள்ளிகளில் எல்லோரும் படிக்கும் நூல். அதில் தோன் அபோந்தியோ என்ற பயந்தாங்கொள்ளிப் பாதிரியாருக்கு வீட்டு வேலை பார்க்கும் வாயாடி அம்மாளின் பெயர் பெர்ப்பெத்துவா. அந்தப் பாத்திரம் அவ்வளவு பிரபலமாகி, குருவானவர் வீட்டில் சமைக்கும் அம்மாவுக்கே இத்தாலியத்தில் ‘பெர்ப்பெத்துவா’ என்று பொதுப்பெயர் ஆகிவிட்டது. நம்மூர்ப் பங்குத்தந்தை இல்லத்துச் சமையல்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெண் குழந்தைக்கு இப்பெயர் வைத்தால் கேட்பவர் மனதில் முதலில் எழுவது அந்த அம்மாளின் உருவம்தான். இத்தாலியில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. மற்ற இடங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆங்கிலத்தில் பெலிசிட்டி பிரபலமானதுபோல் இது ஏன் ஆகவில்லை?

பெலிசிட்டி மென்மையாக ஒலிக்கிறது. 1998இல் அதே பெயரில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அதைத் தூக்கிவிட்டது. பெர்ப்பெத்துவாவுக்கு அப்படி ஓர் அலை வரவில்லை. ஆங்கிலக் காதில் ‘பெர்பெச்சுவல்’ என்ற அலுவலகச் சொல்லும் உடனே ஒட்டிக்கொள்கிறது. தமிழ்க் காதுக்கு அந்தத் தொல்லை குறைவு.

தமிழில் எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது?

‘பெர்பெத்துவா’ என்று எழுதினால் ‘மார்பு’ என்பதில் வருவதுபோல் ரகர ஒற்றுக்குப் பின் வரும் பகரம் மெலிந்து ஆங்கில ‘b’ போன்ற ஒலியில் போய்விடும். அதனால்தான் ‘கர்ப்பம்’ போல ஒரு ‘ப்’ சேர்த்து ‘பெர்ப்பெத்துவா’ என்று எழுதுகிறேன். ஆங்கில வழியில் ‘பெர்பெச்சுவா’ என்றும் சொல்லலாம். எனக்கு லத்தீனின் ‘த்து’தான் பிடிக்கிறது, அது நம் நாக்குக்கும் சுலபம். அழுத்தம் இரண்டாம் அசையில்: பெர்-ப்பெ-த்து-வா.

செல்லப்பெயர் என்று எதைச் சொல்லலாம்?

இது வீட்டுக்கு வீடு மாறும். பெப்பி, பெத்து, பெட்ரா என்று கூப்பிடலாம். ஆனால் பெட்ரா என்பது ‘பாறை’ என்ற கிரேக்க வேரில் வந்த தனிப்பெயர் என்பதை நினைவில் வையுங்கள்.

வேறு எங்கெல்லாம் இந்தப் பெயரைப் பார்க்கலாம்?

உங்கள் கணினியிலேயே இருக்கலாம். எரிக் கில் வடிவமைத்து மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ‘பெர்பெச்சுவா’ எழுத்துரு பல ஆண்டுகளாக மைக்ரோசாப்ட் ஆபீசோடு வருகிறது. அது முதலில் அச்சேறியது இந்தப் புனிதையின் வரலாற்றை அச்சிட்ட ஒரு நூலில்தான், பெயர் வந்ததும் அதனால்தான். அதன் சாய்வெழுத்துக்கு முதலில் வைத்த பெயர் பெலிசிட்டி!

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் பெர்பெச்சுவா முனை இருக்கிறது. 1778 மார்ச் 7 அன்று அதைக் கண்ட கேப்டன் குக், அன்றைய புனிதையின் பெயரைச் சூட்டினார். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் சாந்தா பெர்ப்பெத்துவா தெ மொகோதா என்றொரு ஊர் உண்டு. இத்தாலியின் ரவென்னாவில் 6ஆம் நூற்றாண்டு ஆலயச் சுவரில், கையில் கிரீடம் ஏந்தி வரிசையாக நடக்கும் புனிதைகளின் மொசைக் ஓவியத்தில் இவர்கள் இருவரும் பெயரோடு நிற்கிறார்கள். கார்த்தேஜில் அந்த வட்டரங்கின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். நகரத்தின் பழைய பேராலயம் ஒன்றில் இவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டு 1907இல் துண்டு துண்டாகக் கிடைத்தது.

பெயர்த் திருநாள் எது?

மார்ச் 7. பழைய வழிபாட்டு நாட்காட்டி வைத்திருப்பவர்கள் மார்ச் 6 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். மார்ச் 7 புனித தோமா அக்குவினாருக்குப் போயிருந்ததால் 1908 முதல் ஒரு நாள் முன்னால் வைத்திருந்தார்கள். 1969 சீர்திருத்தத்தில் அக்குவினார் ஜனவரி 28க்கு மாறியதும் இவர்கள் தங்கள் சொந்த நாளுக்குத் திரும்பினார்கள். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் பெயர் சொல்லி நினைவுகூரப்படுகிறார்கள். உங்கள் மகள் வளர்ந்து கோயிலில் தன் பெயரைக் கேட்கும்போது திரும்பி உங்களைப் பார்ப்பாள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் வைக்கலாமா?

தாராளமாக. சொல் கிறிஸ்தவத்துக்கு முந்தியது, பொருளும் எல்லோருக்கும் உரியது. நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சித்திரை முதல் பாதத்துக்கு ‘பே’ என்பார்கள், அதன் குறிலாக ‘பெ’வை ஏற்றுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

பெயர் நீளமாக இருக்கிறது, பள்ளியில் கஷ்டப்படமாட்டாளா?

பிலோமினா, விக்டோரியா, அலெக்சாண்ட்ரா எல்லாம் நம் பள்ளிகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழகாத பெயர் என்பதால் முதல் வாரம் ஆசிரியர் இரண்டு முறை கேட்பார், அவ்வளவுதான். அவர் கேட்கும்போது குடத்தைக் காட்டி அப்பாவிடம் பேசிய பெண்ணின் கதையைச் சொல்ல உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. கதையைச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுங்கள். வட்டரங்கு, வாள் எல்லாம் பிறகு, முதலில் குடம், குழந்தை, கூந்தல்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது?

திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னோர் எழுத்து என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத பெயர் என்பதால் தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தை விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஆங்கில, தமிழ் எழுத்துக்கூட்டல் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்க விதி இருக்கிறது.